வெண்கலப் பானைக்கு ஒரு பாதுகாப்புக் கட்டணம்

“பாதுகாப்புக் கட்டணம்னு போட்டிருக்கீங்களே, எனக்கு யாருகிட்டேருந்தும்மா பாதுகாப்பு?”

நீடாமங்கலத்தில் தம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி இராஜாங்கம் கேட்டார். பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் உதவும் செயலி ஒன்றின் சேவை மையத்துப் பெண், குரலைச் சற்றும் உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

“விக்கிறவங்க கிட்டேருந்து சார்.”

பொருள் கைக்கு வந்து, அது சரியாக இருக்கிறது என்று அவர் ஒப்புதல் தரும்வரை பணம் விற்பவருக்குப் போகாதாம். குறை இருந்தால் முழுப் பணமும் திரும்பிவிடுமாம். அதற்காகத்தான் நூற்று எண்பது ரூபாய். வேண்டாம் என்றாலும் கட்டித்தான் ஆக வேண்டுமாம். கேட்காத பாதுகாப்பை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று அவர் மறுபடியும் ஆரம்பித்தபோது, வேறு ஏதேனும் உதவி தேவையா என்று பணிவோடு விசாரித்துவிட்டு அந்தப் பெண் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அவர் வாங்க நினைத்தது ஒரு வெண்கலப் பானை. மகளுக்கு இது தலைப்பொங்கல். வெண்கலப் பானை இல்லாத சீரோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

கதிர் முற்றும் நேரத்தில் பெய்த மழையில் சம்பா பாதி சாய்ந்துவிட்டது. புதுப் பானையின் விலையைக் கடையில் கேட்டவர், பையைக்கூடப் பிரிக்காமல் அடுத்த பேருந்தில் வீடு திரும்பிவிட்டார். பழசென்றாலும் புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்றாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றது அவர் மனைவி மலர்க்கொடிதான்.

செயலியில் அந்தப் பானைக்கு நான்கு படங்கள் இருந்தன. நான்கும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. ஊர் மட்டும் திருவிடைமருதூர் என்று காட்டியது; விற்பவர் பெயரையோ எண்ணையோ அது காட்டவில்லை. அவர் தம் எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பினால், அதுவும் வெறும் நட்சத்திரங்களாக மாறிப் போயிற்று.

அந்த ஊர்க் கோயில் வாசலுக்கே வந்து பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன், கட்டணம் மிச்சமாகும் என்று எழுதிப் பார்த்தார். பகல் முழுவதும் பதில் இல்லை. விளக்கு வைக்கும் வேளையில், ‘நேரில் வேண்டாம், மன்னிக்கவும்’ என்று வந்தது. பேருந்து நிலையம், ரயிலடி என்று அவர் எந்த இடத்தைச் சொன்னாலும் அதே பதில்தான்.

“இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு விக்கிறதப் பாத்தா திருட்டுப் பானையா இருக்கும்போல மலரு.”

“அம்சம் அந்த ஊர்லதானே இருக்கு. ஒரு எட்டுப் போய் விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்களேன்.”

அம்சம் என்பது அவருடைய தங்கை அம்சவல்லி. அவர் தலையை வேகமாக ஆட்டினார். “வேற வினையே வேண்டாம். எனக்கு மட்டும் நாச்சியார்கோவில்லேருந்து புதுப் பானை சீரா குடுத்தே, பெத்த பொண்ணுக்குப் பழசான்னு கேப்பா. அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

வேறு வழியில்லாமல் கட்டணத்தையும் சேர்த்தே பணம் கட்டினார். மூட்டையைத் தொடாத ஆளுக்குத் தூக்குக்கூலி கொடுத்தது போல வயிறு எரிந்தது. அன்று சோறு போட்டபோதும் அந்தக் கட்டணத்தைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

பானை வந்து சேர்ந்தது. பழைய நூல் புடவையைப் பல சுற்றுச் சுற்றி, நசுங்கிவிடாதபடி வைக்கோல் திணித்து அனுப்பியிருந்தார்கள். நல்ல கனம், துலக்கக்கூடத் தேவையில்லாத பளபளப்பு. மலர்க்கொடிக்கு முகம் மலர்ந்தது. பானையைத் திருப்பி மறுபக்கம் பார்த்ததும் அந்த முகம் வாடிவிட்டது.

கழுத்துக்குக் கீழே கையகல இடம் சொரசொரவென்றிருந்தது. சீராகத் தரும் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரை வெட்டித் தருவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தப் பெயரை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள்.

“பாத்தீங்களா, இதத்தான் படத்துல மறைச்சிருக்காங்க. புகார் போடுங்க, பணம் திரும்பி வரட்டும். சும்மாவா கட்டணம் கட்டினோம்?”

அதுவரை அந்தக் கட்டணத்தைத் திட்டித் தீர்த்தவருக்கும் அது நியாயமாகவே பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பானையை மடியில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தேய்த்த கை பாதியிலேயே நின்றிருக்க வேண்டும். ‘ங்கம்’ என்ற கடைசி எழுத்துகள் மட்டும் அரத்துக்குத் தப்பியிருந்தன. அவற்றின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

பிறகு கைப்பேசியை எடுத்து, ‘பொருள் சரியாக உள்ளது’ என்ற இடத்தைத் தொட்டார்.

மலர்க்கொடி பதறிப்போனாள். “என்னங்க பண்ணிட்டீங்க? இனிமே ஒரு காசு திரும்பாதே. எவனோ பேரு வெட்டின பானைய நம்ம புள்ளைக்கு எப்படிங்க குடுக்கிறது? இப்படி ஏமாத்தி வித்தவங்களுக்குப் போய்ப் பணத்த விட்டுக் குடுத்துட்டீங்களே.”

இராஜாங்கம் பானையை அந்தப் பழைய புடவையிலேயே மறுபடியும் சுற்றத் தொடங்கினார்.

“வித்தது நம்ம அம்சம்.”