சேற்றில் போன செருப்பு

காலை ஆறு மணிக்கு எழுகிறான், பல் தேய்க்கிறான், ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடிக்கிறான், தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறான். ஏழரைக்கு, பாய் கட்டிய மிதவைப் பலகையை ஏரியில் இறக்குகிறான். பலகை அவன் மனைவியுடையது. அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று அவள் ஓட்டியதைப் போல அக்கரைவரை ஓட்டிப் போய்விட வேண்டும். காற்றில் பாய் உப்புகிறது, பலகை இளவெயிலைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. "விழுந்தா மல்லாந்து விழுங்க அத்தான், காலை மட்டும் ஊனிடாதீங்க!" என்று கரையிலிருந்து மச்சினி கத்துகிறாள். நடு ஏரியின் மேட்டில், பலகைக்கு அடியில் நீளும் துடுப்பு சேற்றில் தட்டுகிறது. சொல்பேச்சு கேளாத கால்கள்தான் முதலில் இறங்குகின்றன. தண்ணீர் இடுப்பளவு, சேறு முழங்காலளவு. "என்னத்தான், நாத்து நடுறீங்களா?" என்று கரையிலிருந்து மச்சினியின் குரல். ஒவ்வொரு காலாகப் பிடுங்குகிறான். 'ப்ளக்' என்று கால் வருகிறது, ரப்பர் செருப்பு வரவில்லை. இரண்டையும் துழாவி எடுத்து, பலகைமேல் உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பிறகுதான் பார்க்கிறான், கால் மாறியிருக்கிறது. சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஒரு வருடத்தில் முதல் சிரிப்பு. செருப்பை மாற்றாமலே எழுந்து பாயை நிமிர்த்துகிறான், பலகை அக்கரையைப் பார்த்து நகர்கிறது. கண்மூடும்முன் கடைசியாக மனைவி கடவுள் பெயரைச் சொன்னாள் என்றுதான் வீட்டில் பேச்சு. அன்று ஆபரேஷன் அறை வாசலில், ஓடிவந்து நின்ற இவன் காலைப் பார்த்து அவள் உண்மையில் சொன்னது இதுதான்: "செருப்பை மாத்திப் போட்டிருக்க, மண்டு."