டிஜே மாடல்

"பாட்டுக் கேக்கறதுக்கா, டிஜே வேலைக்காங்க்கா?" என்று காந்திபுரம் ஹெட்போன் கடைக்காரர் கேட்டார்.

டிஜே என்ன செய்வார் என்பதே ரோஷிணிக்குச் சரியாகத் தெரியாது. டிஜே மாடலை மாட்டிக்கொண்டால், எதிரே இருப்பவரின் ஹெட்போனில் ஓடுவது நம் இடது காதில் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். மகள் குயிலி பள்ளிக்கூடத்தை விட்டு நின்று இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனோடு இருக்கிறார்கள். குயிலி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்றாவது தெரிய வேண்டும்.

"டிஜே வேலைக்குத்தான்."

கடைக்காரர் அவள் கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தார். "சரிங்க. வீட்டுக்கு ஒண்ணுதான் வெச்சுக்கோணும். ரெண்டு டிஜே மாடல் ஒண்ணையொண்ணு கேட்டா, ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை நீட்டுன மாதிரி ஊளையிடும்."

"எங்க வீட்ல வேற யாருங்க டிஜே?"

வீட்டில் குயிலி ஹெட்போனோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ரோஷிணி எதிரே உட்கார்ந்து, புதியதை மாட்டி, மகள் பக்கம் திருப்பினாள்.

அது ஊளையிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்கள். பட்டாணி தரையெங்கும் ஓடியது.

"உனக்கு எப்படி குடுத்தாங்க?" என்றாள் ரோஷிணி.

"டிஜேன்னு சொன்னேன்."

"எதுக்கு வாங்குனே?"

"நீ என்ன பாட்டக் கேட்டு அழுகறேன்னு பாக்கத்தான்."

"பாட்டெல்லாம் ஒண்ணும் ஓடலியே, கண்ணு."

"தெரியும். ரெண்டு மாசமா அதத்தான கேக்கறேன்."