உன் தோப்பு ஈ

"சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க தம்பியேதான்! தினமும் விடியக்காலையில வேலி தாண்டி உங்க தோப்புக்குள்ள போறாரு. போகும்போது காலிச் சாக்கு. வரும்போது மூட்டை. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பாலை ஊற்றிய கையோடு இதையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார் பால்காரர்.

காலில் கட்டோடு கட்டிலில் கிடந்த அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பார்த்தியாடி! நான் எழுந்து நடமாட முடியாதுன்னு தெரிஞ்சதும் கைவரிசையைக் காட்டறான். கூடப் பிறந்தவனாம், கூடப் பிறந்தவன்! ஏன், அவன் தோப்புலயும்தான் கொய்யா காய்க்குது. அது பத்தலையாமா துரைக்கு?"

"அது வந்துங்க..." என்று இழுத்தாள் மனைவி.

"நீ ஒண்ணும் அவனுக்கு வக்காலத்து வாங்காதே!"

அவள் பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

அண்ணன், தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த தோப்பு. நடுவில் ஒரு வேலி. நன்றாகத்தான் இருந்தார்கள். போன காய்ப்பில் அண்ணன் தோப்புப் பழத்தை நறுக்கினால் உள்ளே புழு நெளிந்தது. பழ ஈ முட்டையிட்டுப் போன வேலை.

"எல்லாம் உன் தோப்பு ஈதாண்டா! நீ ஒழுங்கா இருந்தா எனக்கேன் இந்தக் கதி?" என்று ஊரே பார்க்க அண்ணன் கத்தினார். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது.

அண்ணன் சும்மா இருந்தாரா? மரத்துக்கு மரம் ஈப்பொறி கட்டுகிறேன் பேர்வழி என்று அதே கோபத்தோடு ஏணியில் ஏறினார். கடைசி மரத்தில் பொறியும் கட்டினார், தொடை எலும்பையும் முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, அப்புறம் இந்தக் கட்டில். தோப்பைக் கண்ணால் பார்த்தே மாசக்கணக்காகிறது.

இந்தக் காய்ப்பு கைகொடுத்தால்தான் வீடு நிமிரும். பழ வியாபாரி நாளை மறுநாள் வருகிறார். ஒரு பழத்தில் புழு இருந்தால்கூட மொத்தத் தோப்பையும் வேண்டாம் என்று திரும்பிப் போகிற ஆள் அவர்.

அண்ணனுக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. மனைவி பறித்து வரும் பழமெல்லாம் பளிங்கு மாதிரி இருந்தது.

"என் தோப்புல இனிமே புழுவா? நான் கட்டின பொறி அப்படி! இப்போ ஈயை விரட்டியாச்சு, திருடன்தான் பாக்கி. நாளைக்குக் காலையில நீ போ. கையும் களவுமாப் பிடிச்சு என் முன்னால நிறுத்து."

நிறுத்தினாள். ஆனால் பிடிபட்டவன் கொஞ்சமும் அசரவில்லை. மூட்டையைச் சுவரோரம் சாத்திவிட்டு, "அண்ணி, வந்ததுதான் வந்தேன், ஒரு காபி கிடைக்குமா?" என்றான்.

"அவனைக் கேளு, மூட்டைக்குள்ள என்னன்னு!" கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"அவரையே பார்த்துக்கச் சொல்லுங்க அண்ணி."

கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, இருவரும் அவளை நடுவில் வைத்தே பேசினார்கள்.

"கொட்டச் சொல்லு!"

"வீடெல்லாம் நாறும், பரவாயில்லையான்னு கேளுங்க."

"கொட்டச் சொல்லுடி!"

கொட்டினான்.

நாற்றம் குப்பென்று அடித்தது. எல்லாம் உதிர்ந்து, கன்றி, அழுகின பழங்கள். வெடித்திருந்த ஒன்றிலிருந்து வெள்ளைப் புழுக்கள் தரையில் துள்ளின.

"ஐயய்யே! இந்தக் கண்றாவியையா திருடிட்டுப் போறான்?"

"திருடறேனாமா? நல்லா இருக்கு கதை! அண்ணி, பொறி பொறின்னு ஒருத்தர் பெருமை பேசறாரே, அதுல மருந்து எப்பவோ காய்ஞ்சு போச்சு. மாத்தி வச்சது நான். பொறி மட்டும் இருந்தாப் போதுமா? உதிர்ந்த பழத்தை அன்னன்னைக்குப் பொறுக்கி, ஆழக் குழி வெட்டிப் புதைக்கணும். விட்டா புழு மண்ணுக்குள்ள இறங்கி, ஈயாக் கிளம்பி வந்து, மரத்துல இருக்கற நல்ல பழத்தையும் கெடுத்துடும். கால் உடைஞ்ச மனுஷன் குனிஞ்சு பொறுக்குவாரா? இல்ல, நீங்கதான் அவரைப் பார்ப்பீங்களா, தோப்பைப் பார்ப்பீங்களா?"

அண்ணன் தரையில் நெளிந்த புழுக்களையே பார்த்தார்.

"என் தோப்பு மேல இவனுக்கு என்னடி இவ்வளவு அக்கறை?" என்றார், சுருதி இறங்கி.

தம்பி இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உங்க தோப்பு ஈ என் தோப்புக்கு வந்துடக் கூடாது பாருங்க. அதான்!"

அழுகலையெல்லாம் சாக்கில் வாரிப்போட்டுத் தோளில் ஏற்றினான். காபிகூடக் குடிக்காமல் விறுவிறுவென்று போய்விட்டான்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தார். போன கம்பீரம் திரும்பி வந்திருந்தது.

"கேட்டியா? நான்கூட ஒரு நிமிஷம் உருகிட்டேன். பூராவும் சுயநலம்! தன் மரத்தைக் காப்பாத்திக்கத்தான் ஐயா இந்தப் பாடு பட்டிருக்காரு!"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"எந்த மரத்தைங்க? நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே, 'இனிமே அண்ணன் வாயில உன் தோப்பு ஈன்னு ஒரு சொல் வரக் கூடாது அண்ணி'ன்னு தன் மரத்தையெல்லாம் ஒண்ணு விடாம வெட்டிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு. வேலிக்கு அந்தப் பக்கம் இப்போ வெறும் மாட்டுப் புல்லுதாங்க!"