தேவையற்ற சத்தம்

"மாமி, இந்த வாசல் கேற் ஏன் இப்பிடிக் கத்துது?"

"அது கத்திட்டுக் கிடக்கட்டும் மகன். நீங்க கை வெக்காதிங்க" என்றாள் ஸாலிஹா.

மருமகன் இஷாம் கையிலிருந்த கொப்பியில் ஏதோ எழுதினான். கத்தாரில் பொறியியலாளன். மூன்று மாதத்துக்கு முன் றிஸ்லாவைக் கல்யாணம் செய்து, ஊர் வழக்கப்படி காத்தான்குடியில் பெண் வீட்டுக்கே குடிவந்தவன். நீண்ட லீவில் வேறு வேலை இல்லாததால் வீட்டைத் திருத்தப் புறப்பட்டுவிட்டான்.

"எங்கட கொம்பனியில ஒரு முறை இரிக்கி மாமி. ஒவ்வொரு சாமானையும் காட்டி, இது என்னத்துக்கு என்டு கேப்பம். ரெண்டே சொல்லில பதில் வரணும். பம்புக்கு 'நீர் ஏற்றுதல்'. பல்புக்கு 'ஒளி தருதல்'. பதில் வராட்டி, அதத் தூக்கி வீசிருவம்."

"கேற்றுக்கு?"

"'வழி அடைத்தல்'. ஆனா அந்தச் சத்தத்துக்கு ஒரு பதிலும் இல்ல. வாவி உப்புக்காத்துக்குப் பிணைச்சல் துருப்பிடிச்சிரிக்கி, அவ்வளவுதான்."

வாசல் கேற்றோடு ஒரே நாளில் பொருத்திய பின்கேற், வாவிக்கு இன்னும் கிட்ட இருந்தும், சத்தமில்லாமல் திறந்து மூடியது. பெரிய படிப்புப் படித்தவர் கண்ணில் அது படவில்லை.

அசர் தொழுதுவிட்டு ஸாலிஹா வழக்கம்போல் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். இஷாம் கிறீஸ் டப்பாவைத் திறந்தான்.

மூன்று கிழமையில் மாமா கச்சி முகம்மதுவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சீனி வருத்தத்தால் போன வருடம் ஒரு கால்விரலைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு அடங்கிக் கிடந்த சீனி இப்போது முந்நூறைத் தாண்டியிருந்தது.

"இப்படியே போனால் அடுத்தது பாதம்தான்" என்றார் டொக்டர். றிஸ்லா அழுதாள்.

அன்று பின்னேரம் மாமா இஷாமைத் தனியே கூப்பிட்டார்.

"மருமகன், ஆருக்கும் சொல்லாதிங்க. மாமி வெளிய போனதும் நான் மஸ்கட் அல்வா டப்பாவ எடுப்பன். ஒரு துண்டு வாயில போட, கேற் கத்தும். அவ வந்திட்டா என்டு ஒளிச்சிருவன். எட்டிப் பாத்தா ஆருமில்ல, காத்து. ஆனாலும் மறுகா அந்தப் பக்கம் கை போகாது. இப்ப அது கத்துதில்லையே! டப்பா முடியிற மட்டும் கை நிக்கிதில்ல. அவவுக்கு ஒண்டும் தெரியா. கேற்றப் பழையபடி கத்த வெச்சுத் தாங்க."

அந்தக் காலுக்கு ஏதும் நடந்தால் அதற்குத் தானல்லவா பொறுப்பு என்று இஷாமுக்குப் பட்டது.

மறுநாள் சுபஹ் தொழுத கையோடு, கிறீஸைத் துடைக்கப் பழந்துணியும் மண்ணெண்ணெய்யுமாக கேற்றடிக்குப் போனான். அங்கே ஸாலிஹா ஒரு வாளித் தண்ணீரைப் பிணைச்சலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமி இது?"

"வாவித் தண்ணி. கிறீஸத் துடைச்சிட்டன். கொஞ்ச நாளையில கத்தும். மாமாட விரல எடுத்த நாளையிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஊத்தி வந்தன். நீங்க வந்து கெடுத்துப் போட்டிங்க."

"அப்ப மாமா மஸ்கட் தின்றது உங்களுக்கு..."

"தெரியாமலா? பிடிச்சா ரோசத்துல கடையில போய்த் திம்பார். வீட்டுல எண்டா ஒரு துண்டோட நிக்கும்."

"ஆனா காத்துக்குத்தானே மாமி கேற் கத்தின?"

"காத்தா? தங்கச்சி வீட்டுக்கு நான் எங்க போன, மகன்? வெளிய ஒழுங்கையில நின்டு கேற்ற ஒருக்கா ஆட்டிட்டு மறைஞ்சு நிப்பன்."

ஸாலிஹா வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கொப்பிய எடுத்து எழுதுங்க. அந்தச் சத்தத்துக்கு, 'சீனி குறைத்தல்'."