கழற்றிய குச்சி

சின்னவனின் போன் மேசை விளிம்பில் அதிர்ந்தது. திரையில் 'வீட்டு புரோக்கர்' என்று வந்ததைப் பெரியவன் பார்த்துவிட்டான். சின்னவன் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

"யாருடா?"

"ஒண்ணுமில்லண்ணா, கம்பெனி கால். நீ அடி."

பொய்! பெரியவனுக்குப் பொய்யை மோப்பம் பிடிப்பதுதான் பிழைப்பே. இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்து என்று வருகிற மனுக்களில் எது நிஜம், எது நாடகம் என்று துருவிப் பார்க்கிற வேலை. பதினாறு வருஷமாக யாரையும் நம்பாமலேயே பதவி உயர்வு வாங்கியவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. க்ளப்பில் வேறு ஆட்டக்காரர்கள் இன்னும் வரவில்லை. ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். ரிட்டையர் ஆனதிலிருந்து இந்த பில்லியர்ட்ஸ் க்ளப்புக்கு அவர்தான் அம்பயர். எதைப் பந்தயம் வைத்து ஆடுகிறோம் என்று மகன்கள் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பந்தயமே அவர்தானே!

அம்மா போன பிறகு தனியாக இருந்தவர், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இனிமேல் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நீ வைத்துக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்ல அண்ணன் தம்பி இருவருக்குமே வாய் வரவில்லை. போன ஞாயிறு பெரியவன்தான் யோசனை சொன்னான்.

"எதுக்குடா மனஸ்தாபம்? ஒரே ஒரு கேம் ஆடுவோம். தோத்தவன் வீட்டுக்கு அப்பா."

சின்னவனைவிட அவன் நன்றாக ஆடுவான். அந்தத் தைரியத்தில்தான் சொன்னான். இன்று கிளம்பும்போது மனைவிகூட வாசல் வரை வந்து, "ஜெயிச்சுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சின்னவனுக்குக் கருப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி; அது குழியில் விழுந்தால் ஜெயித்துவிடுவான். அதுவும் மூலைக் குழியின் வாயிலேயே, தொட்டால் விழுகிற மாதிரி நின்றது. பெரியவனுக்கு இன்னும் மூன்று பந்து. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அவன் பந்து விழவில்லை. வெள்ளைப் பந்து விழுந்தது. ஃபவுல்!

தொலைந்தது. இனி சின்னவன் வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கருப்பு உள்ளே போய்விடும். அப்பாவின் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்று பெரியவன் அப்போதுதான் முதல்முறையாக யோசித்தான்.

அப்பா முழங்காலைப் பிடித்தபடி எழுந்து வந்தார். குழியிலிருந்து வெள்ளைப் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, ஏதோ முணுமுணுத்தபடி சின்னவன் கையில் கொடுத்தார். வழக்கமாக ஒப்பிக்கிற ஃபவுல் விதிதானே என்று பெரியவன் அதைக் காதில் வாங்கவில்லை.

சின்னவன் வெள்ளையை மேசைமேல் வைத்தான். வைத்தவன் அடிக்கவில்லை. குச்சியை நடுவில் திருகிக் கழற்றி, இரண்டு துண்டையும் உறையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

"நீ ஜெயிச்சுட்டேண்ணா."

பெரியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் முடிவதற்குள் குச்சியைக் கழற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அப்பாவே தன் கைப்பட எழுதிச் சுவரில் மாட்டிய விதி அது. முன்பின் தெரியாதவன் கழற்றினால்கூட, "கருப்பு மேசைல இருக்கும்போது என்னய்யா அவசரம்?" என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவார். இன்று என்னவோ ஒரு வார்த்தை பேசாமல், பலகையில் பெரியவன் பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சின்னவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெரியவனுக்குச் சந்தேகம் பிய்த்துத் தின்றது. ஜெயிக்கிற ஆட்டத்தை எவனாவது விட்டுக்கொடுப்பானா? தம்பி லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியில். முழங்கால் வலிக்காரரை அங்கே எப்படி ஏற்றுவான்? ஓஹோ, புரோக்கர்! அப்பாவைக் கைக்குள் போட்டுக்கொண்டு அவர் வீட்டை விற்றுத் தள்ளத் திட்டம். அடப்பாவி, கூடப் பிறந்தவனே இப்படியா?

அப்பாவிடம் போய் நின்றான்.

"அப்பா, இந்த ஆட்டம் செல்லாது. அவன் வேணும்னே தோத்தான்."

"ஜெயிச்சவனே செல்லாதுங்கறியா? அம்பயர் நான் சொல்றேன், செல்லும்."

"விளையாடாதீங்கப்பா. அவன் மனசுல என்னமோ இருக்கு. வீட்டு புரோக்கர் கூப்பிடறான், இவன் போனைக் கவுத்து வைக்கறான்."

"அந்த புரோக்கர் தினம் இங்க ஆட வர்றவன்தான்," என்றார் அப்பா. "'ஞாயித்துக்கிழமை நான் தோத்துட்டா, அப்பாவால மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்துல வாடகைக்கு ஒரு வீடு வேணும்'னு சின்னவன் ஒரு வாரமா அவனைப் போட்டு அரிச்சிருக்கான்."

"அப்போ... பந்தயம்..."

"தெரியும்ப்பா." அப்பா துணியை எடுத்துப் பலகையில் இருந்த கோட்டை நிதானமாகத் துடைத்தார். "நீ ஒவ்வொரு பந்துக்கும் என்ன பாடுபட்டேன்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குச்சியைக் கழட்டுடான்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான்."