ஒரு சாண்கூடத் தர மாட்டேன்

“ஏங்க, நாயைக் கட்டுங்க. சினிமாக்காரக வந்துட்டாக!”

திராட்சைப் பந்தலுக்குள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த அழகர், கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தோட்டத்து வாசலில் ஜீப் நின்றது. இறங்கிய நாலு பேரும் முக்காலி ஒன்றை விரித்து, அதன்மேல் ஏதோ ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

கம்பம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வயலையும் வாய்க்காலையும் படம் பிடிக்க மாதம் ஒரு கூட்டமாவது வந்து இறங்கும். பக்கத்துத் தோட்டத்து உமர் பாருக்கின் கிணற்றடியில் ஒரு கதாநாயகி கால் நனைத்துவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அழகருக்கு மனசே சரியில்லை.

“வர்றாகன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார் மனைவியிடம்.

“சொன்னா நேத்தே பவுடரைப் பூசிட்டு உக்காந்திருப்பீக” என்றாள் சங்கிலியம்மாள். “போயி ஒரு நல்ல சட்டையா மாட்டிட்டு வாங்க.”

நாயைக் கட்டினார். மகள் தேவயானியின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையை மாட்டினார். திரும்பி வந்தபோது சங்கிலியம்மாள் எலுமிச்சம்பழங்களை வரிசையாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அடியே, பஸ்ஸுக்கு வச்சிருந்த பழமாச்சே! மெட்ராசுக்குப் போறப்ப என்னத்த மோந்து பாப்ப?”

“அதான் வேகமா ரயில் வரப்போகுதுல்ல. அப்புறம் பழம் எதுக்கு?”

ஒரு வாரமாக வீட்டில் இதுதான் சண்டை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற ரயிலை இந்தப் பக்கமாக விடலாமா என்று யோசிக்கிறார்களாம். பேப்பரைக் கொண்டுவந்து காட்டியவர் உமர் பாருக். பாதை அழகரின் பந்தலுக்குள்ளேயே போனாலும் போகும் என்று வேறு கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

“கம்பத்துக்காரன் இன்னும் ஊருக்குள்ள சாதா ரயிலையே பாக்கல” என்றார் அழகர். “இதுல முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல யாருக்குடி ஓடணும்?”

“எனக்கு ஓடணும். மக மெட்ராஸ்ல ஏழு மாசக் கர்ப்பமா இருக்கா. போன தடவை ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள மூணு பழமும் தீந்து, நாலு பை நிறைஞ்சு போச்சு. அங்கன இறங்குனதும் மாப்பிள்ளை என்னையத்தான் மொதல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு.”

“அந்தக் காசுல ஊருக்கு ஊரு ஆஸ்பத்திரி கட்டலாம்.”

“கட்டுங்க, யாரு வேணாம்னா? அங்கனயும் நான் வாந்தி எடுத்துக்கிட்டேதான போயிச் சேரணும்.”

“ரயிலு வர்றதுக்குள்ள உன் மக பேரன் எடுத்துருவா. போடி! என் திராட்சைக்கொடியில ஒரு சாண்கூடத் தர மாட்டேன். அளக்கன்னு எவனாவது வந்தா நாய அவுத்து விட்ருவேன்.”

“சரி, சரி. வந்தவுகளக் கவனிங்க மொதல்ல.”

வந்தவர்களில் கண்ணாடி போட்ட இளைஞர் கைகூப்பினார். வைகுண்டராஜ் என்று பெயர் சொன்னார். இவர்தான் டைரக்டர் என்று அழகர் முடிவு செய்துகொண்டார்.

“எப்பத் தம்பி ஆரம்பிப்பீக?”

“மேலிடத்துல பணம் ஒதுக்கணும்ங்கய்யா. ஒதுக்கலாமா, வேண்டாமான்னே இன்னும் பேசி முடிக்கல.”

“படத்துக்குப் பணம் போடுறவுகளே இப்படித்தான்” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார் அழகர்.

வைகுண்டராஜ், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு நீளக் கம்பை ஜீப்பிலிருந்து எடுத்தார். “பந்தலுக்கு நடுவுல இதைப் பிடிச்சு நிக்க ஒரு ஆள் வேணும். எங்க ஆளுக்கு வயித்து வலி, வரல.”

“எதுக்குடி கம்பு?” என்று கிசுகிசுத்தார் அழகர்.

“ஃபோகஸ் பாக்கவா இருக்கும். அப்படியே மூஞ்சி பிடிச்சுப் போயிட்டா படத்துலயும் போட்ருவாக” என்றாள் சங்கிலியம்மாள்.

அடுத்த நொடி கம்பு அழகரின் கையில் இருந்தது.

கவாத்து வெட்டி மொட்டையாகக் கிடந்த பந்தலுக்கு நடுவில், மீசையைத் தடவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்றார்கள், போனார். “பின்னாடி” என்றார்கள், போனார். குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை அவரே வெட்டித் தள்ளினார். கிழக்கு வேலியைப் பிரித்து வழிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த உமர் பாருக், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அழகருக்கு இரண்டு வருடத்துக் குறை தீர்ந்தது.

எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு, வைகுண்டராஜ் அழகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றிங்கய்யா. மூணு ஊர்ல கல்லை விட்டெறிஞ்சு விரட்டுனாங்க. அதிவேக ரயிலுக்கு அளக்க வந்த இடத்துல, பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து கம்பு பிடிச்ச விவசாயி நீங்க ஒருத்தர்தான்!”

மீசைக்குப் போன கை பாதி வழியில் நின்றது.

“ரயிலா? சினிமான்னு...”

வைகுண்டராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க இப்படி வேடிக்கையாப் பேசுவீங்கன்னு அம்மா போன்லயே சொன்னாங்க. ‘அவுகளையும் நாயையும் நான் பாத்துக்கிறேன், நீங்க தைரியமா வாங்க’ன்னு சொன்னதும் அவங்கதான்.”

அழகர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

சங்கிலியம்மாள் கடைசிப் பழத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: “உங்களுக்கும் ஒரு டம்ளர் தரவா? தலை சுத்துற மாதிரி நிக்கிறீகளே!”