நடுவில் இருந்தவள்

உள்ளூர்க்காரர்களும் விடுதியில்தான் தங்க வேண்டுமென்று கல்லூரியில் விதியாம். பக்கத்து வீட்டு சங்கவி பெட்டியோடு கிளம்பிப் போனாள். அவள் அப்பாவும் அம்மாவும் பல வருடமாக அவள் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். "சாப்பிட வரச் சொல்லுடி." "பசிக்கலன்னு சொல்லும்மா." இனி யார் சொல்வது? எனக்கென்ன வந்தது, ஆனாலும் அவர்கள் வீட்டைப் பார்த்திருக்கும் என் சமையலறை ஜன்னலைத் திறந்தே வைத்தேன். கொஞ்ச நாள் பாத்திரச் சத்தம் மட்டும்தான் வந்தது. இன்று காலை சங்கவியே எனக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா ஆன்ட்டி? இல்லேன்னா படிப்ப விட்டுட்டு வந்துடறேன்."

"நீயே கேளு" என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

"சாம்பாராடி இது? உப்பு எங்க?"

"மொதல்ல நாக்க வழிச்சுட்டு வாங்க!"

போனைக் காதுக்குக் கொண்டுவந்தேன். சங்கவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே வைங்க ஆன்ட்டி."